இடது பக்கம்தான் மாட்டணும் சார்

நம்பிராஜனைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். அவன் ஐ.டி. அசிஸ்டென்ட், அதிலும் கான்ட்ராக்ட். எங்கள் கம்பெனி ஆண்டு மலரில் கேன்டீன் பூனைக்குக்கூடப் படம் வந்திருக்கிறது, இவனுக்கு வந்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் பார்த்தா. ஸ்ரீபெரும்புதூர் சன்னிதித் தெரு. வல்லம் வடகாலில் காருக்கு ஒயர் கட்டு செய்து தரும் ஒரு கம்பெனியில் பர்சேஸ் கிளார்க்காகப் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் விளம்பரம் என்று ஃபைல் போட்டு வைத்துக்கொள்வார்கள்.

நம்பிக்குத் திருக்குறுங்குடிப் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு 2006இல் ஒரு பையோடு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கினான். ஒரு ரூமில் ஆறு பேர், மூன்று பாய். ஷிஃப்டுக்குப் போகிறவன் எழுந்தால் வருகிறவன் படுக்கலாம். இரண்டு வருஷம் எங்கெங்கோ லைனில் நின்றுவிட்டு எங்களிடம் வந்தான். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள், மறுநாள் புது ஆள் என்று சேர்த்துக்கொள்வார்கள். சட்டம் கண்ணை மூடிக்கொள்ள அந்த ஒரு நாள் போதுமாம். நாலு வருஷத்தில் நாலு தடவை அவன் புது ஆள். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்டுக்குச் சாம்பல் நிறச் சட்டை. இரண்டையும் தைக்கக் கொடுப்பவன் நான்தான்.

அவனுக்கு மேலே ஐ.டி. மேனேஜர் மணிகண்டபிரபு. சென்னையிலிருந்து காரில் வருவார். வாயைத் திறந்தால் இங்கிலீஷ், மூடினால் செல்போன். 2011இல் எங்கள் வரைபடம் ஒன்று போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது என்று தலைமை அலுவலகம் பதறியது. உடனே இவர் ஒரு நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் டிரெயினிங் போனார். ஒரு சான்றிதழ், ஒரு தோள்பை, ஒரு புதுக் கிறுக்கு ஆகியவற்றோடு திரும்பினார். 'ஃபாரென்சிக் இமேஜர்' வேண்டுமாம். போலீஸ் தடயத் துறைக்காரர்கள் வைத்திருக்கிற சாமான். விலையைச் சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும். ஆர்டர் போட்ட எனக்கு இன்னும் எரிகிறது.

சாமான் வந்தது. ஒரு சாப்பாட்டு டப்பா அளவு. இடது பக்கம் ஒரு வாய், வலது பக்கம் ஒரு வாய், நடுவில் சின்னத் திரை. விசாரணைக்குரிய ஹார்ட் டிஸ்க்கை இடது பக்கம் மாட்ட வேண்டும். அந்தப் பக்கம் படிக்க மட்டும்தான் செய்யும். ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. வலது பக்கம் காலி டிஸ்க்கை மாட்டினால் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இடது பக்கத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும். வித்தை அவ்வளவுதான். மேனேஜர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டினார். கூட வந்த புத்தகத்தைப் பிரிக்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

புத்தகத்தைப் பிரித்தது நம்பி. மத்தியானம் எல்லோரும் கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது இவன் குப்பைக்குப் போகவிருந்த பழைய டிஸ்க்குகளை எடுத்து வைத்துக்கொண்டு பழகுவான். ஒரு நாள் எனக்கும் காட்டினான்.

"மொதல்ல கரண்ட ஆஃப் பண்ணணும் சார். அப்புறம் ஒயரு. அதுக்கப்புறம் ஆன் பண்ணி, டிஸ்க்கு சுத்துற சத்தத்தக் காது குடுத்துக் கேக்கணும். கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன்ல அது பேரு, நம்பரு, அளவு எல்லாம் சொல்லும். அது வாயால பேரச் சொன்னாத்தான் அடுத்த பட்டன அமுக்கணும்."

"சொல்லாவிட்டால்?"

"நாம எங்கயோ தப்பு பண்ணியிருக்கோம்னு அர்த்தம். டிஸ்க்கத் திட்டக் கூடாது."

வலது பக்க ஒயரில் வல்லக்கோட்டை முருகன் கோயில் சிவப்புக் கயிற்றைக் கட்டி வைத்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் மாட்டுனது அழிஞ்சிரும் சார். அவசரத்துல யாராவது மாத்தி மாட்டிரக் கூடாதுல்லா" என்றான். அந்த ரூமில் அவசரப்படுகிற ஆள் ஒருவர்தான்.

2012 செப்டம்பரில் சந்தனமாரியின் விரல் போயிற்று.

அவள் விளாத்திகுளம் பக்கத்துப் பெண், இருபத்தொரு வயசு. கிரிம்பிங் மெஷினில் வேலை. ஒயர் நுனியில் உலோகத் துண்டை வைத்து நசுக்குகிற மெஷின் அது. கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காமல் தடுக்க ஒரு சென்சார் உண்டு. சென்சார் இருந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் டார்கெட் வராது. ஆகவே சூப்பர்வைசர்மார்கள் மெஷினின் கம்ப்யூட்டரில் தங்கள் பாஸ்வேர்டைப் போட்டு சென்சாரை அணைத்துவிடுவார்கள். இது ஊருக்கே தெரியும். டார்கெட் வந்தால் கைதட்டுகிற பெரிய மனிதர்களுக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கு மெஷின் இறங்கியது, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவளுக்குக் குற்றப் பத்திரிகை கொடுத்தார்கள். மனசாட்சியே, கேட்டாயா? 'தொழிலாளி தானாகவே சென்சாரைச் செயலிழக்கச் செய்தார்' என்று எழுதியிருந்தது. நிரூபணமானால் டிஸ்மிஸ். வேலை போவதோடு போகாது. தன் விரலைத் தானே வெட்டிக்கொண்டவள் என்று அச்சடித்த காகிதத்தோடு போக வேண்டும். அந்தக் காகிதத்தோடு போனால் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு கம்பெனி கேட்டும் திறக்காது. அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பலராமன் சார்தான் அணைச்சாரு. காலைல என் கண்ணு முன்னால அணைச்சாரு."

பலராமன் அவள் லைன் சூப்பர்வைசர், உள்ளூர் ஆள். "நானா? அந்தப் பக்கமே போவல நானு" என்று அடித்துப் பேசினார்.

எந்தப் பாஸ்வேர்டில் எத்தனை மணிக்கு சென்சார் அணைந்தது என்பது அந்த மெஷினின் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகியிருக்கும். அதைக் கழற்றி ஐ.டி. ரூம் அலமாரியில் வைத்தார்கள். அந்தப் பெண்ணின் பிழைப்பு அந்த டிஸ்க்குக்குள் இருந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அது பண்டிகை இல்லை, போட்டி. எந்த டிபார்ட்மென்ட் அலங்காரம் முதல் பரிசு என்று தலைமை அலுவலகத்துக்குப் படம் போக வேண்டும். மணிகண்டபிரபு உத்தரவு போட்டார்: "நம்பி, ரூம்ல ஒரு அசெட் விடாம பொட்டு இருக்கணும்." நம்பி விடுகிற ஆளா? கீபோர்டு, பிரின்டர், குப்பைக்கூடை, ஸ்குரூடிரைவர், எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். அவன் ஊரில் சைக்கிள் பம்புக்கும் வைப்பார்களாம். எந்த வழியாகக் கரண்ட் ஏறுகிறதோ அங்கேதான் வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. ஸ்டோரிலிருந்து போன சந்தனம் வேறு பன்னீர் அதிகமாகி மோர் பதத்தில் இருந்தது. கலக்கியவன் நான். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, டிஸ்க்குகளையெல்லாம் படுக்க வைத்தால் படத்தில் தெரியாது, செங்குத்தாக நிறுத்து என்றார். நிறுத்தினான். படம் எடுத்தார். முதல் பரிசும் வாங்கினார். படத்தைச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினார்கள்.

நவம்பர் முதல் வாரம் விசாரணை. விசாரணை அதிகாரியாகக் காஞ்சிபுரத்திலிருந்து சந்திரலேகா என்ற வக்கீலம்மாவை அழைத்திருந்தார்கள். கம்பெனி கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுத் தலையாட்டுவார் என்று நினைத்திருப்பார்கள் போல. அந்த அம்மா டீயைத் தொடவில்லை. "அந்த டிஸ்க்கை என் முன்னால் நகலெடுங்கள், என்ன இருக்கிறதென்று பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று காலையில்தான் கான்ட்ராக்டிலிருந்து நிரந்தரமாக்கப்படுகிறவர்களின் பட்டியல் என் மேஜைக்கு வந்தது, சட்டை தைக்க அளவு எடுப்பதற்காக. ஒன்பதாவது பெயர் நம்பிராஜன். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர். அவனுக்கும் தெரியும். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் சிரித்துக்கொண்டே கேன்டீனில் இரண்டாவது வடை வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

விசாரணை ரூமில் வக்கீலம்மா, பலராமன், மேனேஜர், நம்பி. சாமான் வாங்கியதற்கு சாட்சி சொல்ல ரசீதோடு நான். மூலையில் சந்தனமாரி. கையைத் துப்பட்டாவில் சுற்றியிருந்தாள். மேனேஜர் பழுப்பு உறையை எடுத்து, "விபத்து நடந்த அன்றே சீல் வைத்தது மேடம், யாரும் தொடவில்லை" என்று சீலின் மேல் எழுதியிருந்த தேதியைக் காட்டினார். பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து அந்தச் சாமான் சகல மரியாதைகளோடும் வந்தது.

நம்பி கரண்டை அணைத்தான். டிஸ்க்கை இடது பக்கம் மாட்டினான். ஆன் செய்து காதைக் கொடுத்துக் கேட்டான். திரையில் வந்தது: டிஸ்க் இல்லை.

மறுபடி அணைத்து, வேறு ஒயர் போட்டு, மறுபடி ஆன். டிஸ்க் இல்லை.

பலராமன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இன்னாத்துக்கு அத்த நோண்டிகினு? செத்துப்போன டிஸ்க்கு மேடம் அது. மெஷின் அடிச்ச அடில பூட்ச்சி."

"எக்ஸாக்ட்லி. டிஸ்க் டெட்" என்றார் மணிகண்டபிரபு. அதோடு விட்டிருந்தால் தேவலை. வக்கீலம்மா முன்னால் தன் டிரெயினிங்கைக் காட்ட ஆசை வந்துவிட்டது. "எதுக்கும் ரைட் சைடுல ஒரு தடவை மாட்டிப் பாரு நம்பி. சில நேரம் அதுல டிடெக்ட் ஆகும்" என்று அவரே டிஸ்க்கைப் பிடுங்கினார். சிவப்புக் கயிறு கட்டிய ஒயரைக் கையில் எடுத்தார்.

நம்பி அவர் கையைப் பிடித்துவிட்டான். மேனேஜர் கையை, வெறும் கையால்!

"சார், அது அழிக்குற பக்கம். இடது பக்கம்தான் மாட்டணும் சார்."

"ஹலோ, கைய எடு. எனக்குச் சொல்லித் தர்றியா?"

"மாட்டி ஒரு பட்டன அமுக்குனா இதுல ஒண்ணும் மிஞ்சாது சார். சுத்தமா தொடச்சிரும்."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "அந்தப் பையன் சொல்கிறது சரியா? புத்தகத்தைக் காட்டுங்கள்" என்றார். மேனேஜருக்குப் புத்தகம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. நம்பி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் படித்தார், மேனேஜரைப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மனுஷன் கூடத்தையே கொளுத்தப் பார்த்தார். வேண்டுமென்றா, அசட்டுத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் டிஸ்க் இன்னும் பேசவில்லையே. சந்தனமாரி மூலையிலிருந்து கேட்டாள். "அண்ணே, அது பேசுமா, பேசாதா?"

"பொறும்மா, பாத்துட்டு சொல்லுதேன்" என்று நம்பி டிஸ்க்கைத் திருப்பி, செல்போன் டார்ச்சை அடித்து, ஒயர் செருகும் வாயை உற்றுப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். நானும் எட்டிப் பார்த்தேன். பொன்னிறத்தில் வரிசையாக இருக்க வேண்டிய முனைகள் மேல் மஞ்சளாக ஒரு படலம், காய்ந்து ஏடு கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு துளி சிவப்பு.

அட ராமா. சந்தனம்.

எனக்குப் புரிந்தது, அவனுக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது. அவன் விரலால் வைத்த பொட்டு. படத்துக்காக நிறுத்தி வைத்தபோது வழிந்து வாய்க்குள் இறங்கிவிட்டது. வாயைத் திறந்து சொன்னால், தடயப் பொருளில் கைவைத்தவன் தான்தான் என்று ஒத்துக்கொண்டதாகும். விபத்தன்றே சீல் வைத்தோம் என்கிற கம்பெனியின் பொய்யும் உடையும். சீல் வைத்த உறைக்குள் போய் யார் பொட்டு வைக்க முடியும்? சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. டிஸ்க் செத்தது என்று எல்லோரும் எழுந்து போகலாம். அவனுக்கு நீலச் சட்டை, சந்தனமாரிக்கு அந்தக் காகிதம்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசீதில் அப்படி என்ன இருந்தது? ஒரு மண்ணும் இல்லை. தூ!

நம்பி நிமிர்ந்தான்.

"மேடம், டிஸ்க்கு சாகல. நான் வச்ச சந்தனம் வாயில எறங்கிருக்கு."

"என்ன சந்தனம்?"

"ஆயுத பூஜைக்கு வச்சது மேடம். அப்ப இதுக்கு உறையும் கெடையாது, சீலும் கெடையாது. பூஜை முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கவர்ல போட்டு பழைய தேதி போட்டாங்க."

மணிகண்டபிரபுவுக்கு இங்கிலீஷ் மறந்துவிட்டது. "பொய்! இவன் எதையோ மறைக்கப் பேசுறான். என்ன ஆதாரம் இருக்கு?"

"போட்டோ இருக்கே சார். நீங்க எடுத்ததுதான். ரிசப்ஷன்ல மாட்டியிருக்கு."

வக்கீலம்மா எழுந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். முதல் பரிசு, தங்கநிறச் சட்டம், கீழே தேதி. படத்தில் வரிசையாக நிற்கிற டிஸ்க்குகளில் மூன்றாவது, மெஷின் எண் ஒட்டிய அதே டிஸ்க், நெற்றியில் பொட்டோடு நின்றது. பக்கத்தில் மேனேஜர் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக எல்லோரும் அதன் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். ரிசப்ஷனிஸ்டைக் கூப்பிட்டு அதைக் கழற்றித் தரச் சொன்னார்.

"சீல் இல்லாத டிஸ்க் செல்லாது மேடம்" என்று மேனேஜர் கடைசியாக ஒரு கல்லை விட்டெறிந்தார்.

"உங்கள் அலமாரியில், உங்கள் பூட்டுக்குள் இருந்த பொருள். உங்களுக்கு விரோதமாக நீங்களே எதையும் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். அதனால் அதில் இருப்பதை நான் பார்க்கிறேன்" என்றார் அந்த அம்மா.

நம்பி பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தைக்குப் பால் பல் விளக்குகிற பக்குவத்தில் அந்த முனைகளைத் துடைத்தான். காய விட்டான். இடது பக்கம் மாட்டினான். ஆன். டிஸ்க் சுற்றுகிற சத்தம் அந்த ரூமில் எல்லோருக்கும் கேட்டது. திரையில் அதன் பெயர் வந்தது, நம்பர் வந்தது, அளவு வந்தது.

"பேரச் சொல்லிட்டுல்லா" என்றான் நம்பி. அதன் பிறகுதான் வலது பக்கம் காலி டிஸ்க்கை மாட்டினான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நகலைத் திறந்தபோது எல்லாம் இருந்தது. விபத்து நடந்தது பதினொன்றேகாலுக்கு. காலை ஒன்பது மணி நான்கு நிமிஷத்துக்கு சென்சார் அணைக்கப்பட்டிருந்தது, பலராமன் பாஸ்வேர்டில். அந்த ஒரு நாள் மட்டுமா? அந்த மாதத்தில் முப்பத்தேழு தடவை. பலராமன், "என் பாஸ்வேர்டு எல்லாத்துக்கும் தெரியும் மேடம், எவன் போட்டானோ" என்று இழுத்தார். எவனோ என்றால் அது சூப்பர்வைசர்களுக்குள் ஒருவன்தான். ஆபரேட்டர் கையில் பாஸ்வேர்டு கிடையாது என்று கம்பெனியின் குற்றப் பத்திரிகையே இரண்டாம் பக்கத்தில் பெருமையடித்திருந்தது. வக்கீலம்மா அந்த வரியை உரக்கப் படித்தார்.

சந்தனமாரி அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாந்தான் சொன்னேம்லா, நாந்தான் சொன்னேம்லா" என்றாள்.

குற்றப் பத்திரிகையைத் திரும்பப் பெற்றார்கள். அவளுக்கு பேக்கிங் செக்‌ஷனில் வேலை. பலராமனைப் பக்கத்து பிளாண்ட்டுக்கு மாற்றினார்கள். போகிறவருக்கு வழியனுப்பு விழாவும் வைத்து சால்வை போட்டார்கள். சால்வைக்கு ஆர்டர் போட்டவனும் நான்தான், வேறு யார்?

நம்பியின் கான்ட்ராக்டைத் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் முடித்தார்கள். இந்தத் தடவை மறுநாள் வா என்று யாரும் சொல்லவில்லை. காரணம்: 'தடயப் பொருளை அஜாக்கிரதையாகக் கையாண்டது.' அளவெடுத்துத் தைத்து வந்த முப்பத்தெட்டாம் நம்பர் நீலச் சட்டை ஒன்று என் ஸ்டோரில் உறை பிரிக்காமல் கிடந்தது.

அவன் சொந்தக் கருவிப் பெட்டியை வெளியே எடுத்துப் போக கேட் பாஸ் வேண்டும். அதிலும் என் கையெழுத்துதான். பெட்டியைத் திறந்து காட்டினான். ஒயர்கள், ஸ்குரூடிரைவர், மஞ்சள் படிந்த டூத் பிரஷ்.

"நீ சொல்லாமல் இருந்திருக்கலாமேடா" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு ரெண்டு வெரலு போச்சு சார். எனக்கு ஒரு நீலச் சட்டதான போச்சு" என்றான்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பையன் சுற்றறிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கேட் சுவரில் ஒட்டினான். விபத்து விசாரணையிலிருந்து கம்பெனி கற்ற பாடமாம். எடுத்திருக்கும் திருத்த நடவடிக்கை: இனி ஆயுத பூஜையன்று எந்த மின்னணுச் சாதனத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கக் கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. மூன்று பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து மணிகண்டபிரபுவுடையது.

நம்பி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் படித்தான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"சார், நீங்க நல்லா இங்கிலீஷ் படிச்சவுக. முழுசாப் பாத்துச் சொல்லுங்க. அந்த மெஷின் சென்சாரப் பத்தி எங்கயாவது ஒரு வரி இருக்கா?"

நான் இரண்டு தடவை படித்தேன். இல்லை. கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.